விண்வெளித் தொழிலும் நம் இளைஞரும்



நம் அனகாபுத்தூருக்கு அண்மையில், குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் பயின்ற அப்துல் கலாம் அவர்கள் தலைமையேற்ற எஸ்.எல்.வி.-3 திட்டம் 1980இல் வென்றது. அன்று அரசின் கையிலிருந்த அத்துறை 2020இல் தனியாருக்கும் திறக்கப்பட்டது. சென்னை ஐ.ஐ.டி.யில் வளர்ந்த அக்னிகுல் நிறுவனம், முப்பரிமாண அச்சுமுறையில் ஒரே துண்டாக ஆக்கிய எஞ்சினுடன் 30-5-2024 அன்று ராக்கெட்டை ஏவியது.

அரசுப் பணியில் நமக்கு இடஒதுக்கீடு உண்டு; தனியார் நிறுவனங்களில் அதற்குச் சட்டமில்லை. அவ்வுரிமையைக் கேட்போம், கேட்கும்போதே தேர்ச்சியும் பெறுவோம். ராக்கெட் செய்யப் பொறியாளர் மட்டும் போதார். கடைசல், பற்றவைப்பு, மின்னணுவியல், தரச்சோதனை வல்லாரும் வேண்டும். ஐ.டி.ஐ.யில் பயிலும் தம்பி தங்கையருக்கும் அங்கே வேலையுண்டு. கணிதத்திற்கு அஞ்சாதீர்! இழை பிசகாமல் நெய்த ஊர் இது; அந்நுட்பம் நம் கைகளுக்கும் வரும்.