வன்மையும் திண்மையும்

(சங்கக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)



உதைபந்தாட்டத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம் என்றதும் பெரியோர் சிலரின் முகத்தில் ஒரு சிறு புன்னகை தோன்றுவதைக் காண்கிறோம். நாம் எடுத்துக்கொண்டவரோ கோல்களைக் குவித்துப் புகழடைந்த முன்வரிசை வீரரும் அல்லர். எதிரியின் காலடியிலிருந்து பந்தைப் பறிப்பதையே தொழிலாகக் கொண்ட ஒரு பின்வரிசைக் காவலர். அதிலும் முரடர் என்று பெயரெடுத்தவர். எனினும் அவர் வரலாற்றில் வாலிபர்க்கும் பெரியோர்க்கும் பயன்படும் செய்தி ஒன்று உண்டு என்பது எமது துணிபு.

"பந்து போனாலும் ஆள் போகக்கூடாது" என்று மைதானத்து ஓரத்திலே பகிடியாகச் சொல்வார்கள். பின்வரிசையில் நிற்பவனுக்கு அதையே உபதேசமாக ஓதுபவரும் உளர். இதைக் கேட்கும் பெரியோர், "இது விளையாட்டா, அடிதடியா?" என்று முகஞ் சுளிக்கிறார்கள். வாலிபரோ ஆளை விழுத்தியவனையே வீரன் என்று தோளில் தூக்குகிறார்கள். உண்மையான வன்மை எது என்பதை இரு திறத்தாரும் சேர்ந்து ஆராய்வதற்கு இங்கிலாந்து வீரர் ஸ்ருவேட் பியர்ஸின் வாழ்க்கை நல்லதோர் உதாரணம்.

பியர்ஸ் 1962ஆம் ஆண்டு ஏப்ரில் 24ஆம் நாள் இலண்டன் மாநகரிலே பிறந்தவர். இளமையிலேயே பெரிய கழகமொன்றிற் சேரும் பாக்கியம் அவருக்குக் கிட்டவில்லை. வீல்ட்ஸ்ரோன் என்னும் சிறு கழகத்தில் ஆடிக்கொண்டே மின்சாரத் தொழிலைக் கற்று, அத்தொழிலால் உழைத்து வந்தார். 1983ஆம் ஆண்டில், இருபத்தொரு வயதிலேதான், கொவென்றி சிற்றிக் கழகம் அவரை அழைத்தது. 1985இல் புகழ்பெற்ற முகாமையாளரான பிறையன் கிளவ் அவரை நொற்றிங்ஹாம் பொறஸ்ற் கழகத்துக்கு எடுத்துக்கொண்டார். முதற்றர ஆட்டக்காரராகிய பின்னரும் பியர்ஸ் பழைய தொழிலை மறந்துவிடவில்லை. ஆட்ட நாளில் விற்கப்படும் நிகழ்ச்சிப் புத்தகத்தில், மின்சார வேலைகள் செய்து தரப்படும் என்று தமது பெயரிலே விளம்பரம் போட்டார். புகழ் நிலையற்றது, கையிலுள்ள தொழில் நிலையானது என்பதை அவர் உணர்ந்திருந்தார் போலும்.

பொறஸ்ற் கழகத்தில் அவர் 1997 வரை பன்னிரண்டு ஆண்டுகள் நிலைத்து, லீக் ஆட்டங்கள் மட்டுமே நானூறுக்கு மேல் ஆடினார். 1989இலும் 1990இலும் அக்கழகம் லீக் கிண்ணத்தை வென்றபோது அவரே அணித்தலைவர். 1993இல் கழகம் கீழ்ப்பிரிவுக்குத் தள்ளப்பட்டபோது அவர் அதனை விட்டுப் போகவில்லை. கூடவே இறங்கி, மறு ஆண்டில் கூடவே ஏறினார். இங்கிலாந்துக்காக 78 முறை ஆடினார். இரசிகர்கள் அவருக்கு அன்பாக இட்ட பெயர் "சைக்கோ". நம்மவர் மொழியில் விசரன் என்று கொள்ளலாம்.

இப்பெயர் அவருக்கு வந்தது அவரது ரக்கிளினாலேயே. இடப்பக்கப் பின்வரிசையில் நிற்பவருக்கு எதிர் அணியின் விரைந்தோடும் ஓர வீரனை மறிப்பதே கடமை. ஊன்றிய காலில் உடற்பாரத்தை நிறுத்தி, பந்தின் மேல் உடலைச் சாய்த்து, சரியான கணத்திலே பாதத்தை வைக்க வேண்டும். ஒரு கணம் முந்தினால் எதிரி விலகிப் போவான். ஒரு கணம் பிந்தினால் அவன் காலிலே அடி விழும். அரை மனத்தோடு காலை நீட்டுபவனே பெரும்பாலும் காயமடைகிறான். பியர்ஸ் ஒருபோதும் அரை மனத்தோடு போனவர் அல்லர். அவர் எதிரே வருகிறார் என்றாலே சிலருடைய ஓட்டம் தளர்ந்துவிடும்.

இதை நாம் முழுதும் புகழ்ந்துவிடவும் கூடாது. அவர் ஆடத் தொடங்கிய காலத்திலே பொறுத்துக்கொள்ளப்பட்ட பல ரக்கிள்கள் இன்று பொறுக்கப்படமாட்டா. 1998ஆம் ஆண்டிலே, எதிரிக்கு ஆபத்து விளைக்கும் வகையில் பின்னாலிருந்து ரக்கிள் செய்பவனை வெளியேற்ற வேண்டும் என்று சட்டம் இறுக்கப்பட்டது. இன்றைய சட்டப்படி கவனமின்றிச் செய்தால் நேர் உதை. எதிரியின் ஆபத்தை எண்ணாது செய்தால் மஞ்சள் அட்டை. மிகையான பலத்தைப் பிரயோகித்தால் சிவப்பு அட்டை. சட்டம் இவ்வாறு மாறியது நல்லதே. மற்றொருவன் காலும் அவனுக்குச் சோறு போடும் காலேயன்றோ?

அப்படியாயின் பியர்ஸை நாம் ஏன் மதிக்க வேண்டும்? அதற்கு விடை 1990ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் நாள் இத்தாலியின் ரூறின் நகரில் தொடங்குகிறது. அன்று உலகக் கிண்ண அரையிறுதி. இங்கிலாந்தும் மேற்கு ஜேர்மனியும் ஒவ்வொரு கோல் போட்டுச் சமநிலையில் நின்றன. மேலதிக நேரமும் முடிவு தரவில்லை. தண்ட உதைகளால் வெற்றியைத் தீர்மானிக்க வேண்டியதாயிற்று. இங்கிலாந்தின் முதல் மூவரும் தவறவில்லை. நாலாவதாக வந்தவர் பியர்ஸ். பன்னிரண்டு யார் தூரம். எதிரே கோல் காப்பாளர் இல்க்னர் ஒருவரே. பியர்ஸ் ஓங்கி உதைத்த பந்து இல்க்னரின் கால்களில் பட்டுத் திரும்பியது. அடுத்து வந்த கிறிஸ் வாடிலின் உதை கோலுக்கு மேலாகப் போயிற்று. எவருக்கும் அஞ்சாதவர் என்று பெயரெடுத்த மனிதர் உலகமே பார்த்திருக்கக் கண்ணீர் விட்டார்.

துன்பம் அத்தோடு நிற்கவில்லை. 1993ஆம் ஆண்டு நவம்பரில், சன் மரீனோ என்னும் மிகச் சிறிய நாட்டுடன் நடந்த ஆட்டத்தில், அணித்தலைவராகிய பியர்ஸ் தமது கோல் காப்பாளருக்குப் பின்னே தட்டிய பந்து வலுவற்றுப் போக, எதிரி பாய்ந்து கோல் போட்டான். ஆட்டம் தொடங்கிப் பத்து விநாடியும் ஆகவில்லை! இங்கிலாந்து 7-1 என வென்றதாயினும், 1994ஆம் ஆண்டு உலகக் கிண்ணத்துக்குப் போகும் வாய்ப்பை இழந்தது.

இடையில், 1992ஆம் ஆண்டு ஐரோப்பியக் கிண்ணத்திலே, பிரான்சு வீரர் பஸீல் போலியின் தலை மோதி அவர் கன்னம் கிழிந்தது. இரத்தம் வழிய எழுந்து வந்து, தமக்குக் கிடைத்த உதையைக் கோலின் குறுக்குச் சட்டம் அதிர அடித்தார். ஆட்டம் முடிந்ததும் போலியைக் குற்றஞ் சாட்டும்படி பலர் தூண்டியும் அவர் மறுத்துவிட்டார். அடி கொடுக்கத் தெரிந்தவர் அடி வாங்கவும் அறிந்திருந்தார், முறையிட்டு அழுதாரில்லை.

1996இல் அவருக்கு வயது முப்பத்துநாலு. அணியில் அவரிடம் வேறொருவருக்குப் போய்விட்டிருந்தது. அவர் காயமடைந்தமையாலேயே பியர்ஸ் மீண்டும் உள்ளே வந்தார். ஜூன் 22ஆம் நாள் வெம்பிளி மைதானத்தில் ஸ்பெயினுடன் ஐரோப்பியக் கிண்ணக் கால் இறுதி. கோலின்றி முடிந்த ஆட்டம் மறுபடியும் தண்ட உதைக்கு வந்தது. ஆறு ஆண்டுகளாக அந்த ஓர் உதையை நினைவூட்டி வந்த ஊரிலே அவர் ஒதுங்கி நின்றிருந்தால் எவரும் குறை சொல்லியிருக்கமாட்டார். ஆயினும் மூன்றாவது உதைக்கு அவரே நடந்து வந்தார். பந்து வலைக்குட் புகுந்ததும், கைகளை முறுக்கி, கூட்டத்தை நோக்கி அவர் எழுப்பிய முழக்கம் பார்த்தவர் எவரும் மறவாதது. இங்கிலாந்து வென்றது.

நாலு நாள் கழித்து ஜேர்மனியுடன் அரையிறுதி. அங்கும் தண்ட உதை. அங்கும் பியர்ஸ் தவறவில்லை. தவறியவர் இளைஞரான கேரத் சவுத்கேற். வாடில், பியர்ஸ், சவுத்கேற் மூவரும் பின்னர் தமது தவறுகளைத் தாமே கேலிசெய்து ஒரு விளம்பரத்தில் தோன்றினார்கள். அந்தச் சவுத்கேற்றே பிற்காலத்தில் இங்கிலாந்தின் முகாமையாளராகி, 2018ஆம் ஆண்டு உலகக் கிண்ணத்தில் கொலம்பியாவைத் தண்ட உதையிலே வெல்லச் செய்தார்.

பியர்ஸின் கதை வெற்றி முழக்கத்தோடு முடியவும் இல்லை. 2002ஆம் ஆண்டு ஏப்ரிலில், நாற்பது வயதாக மூன்று நாள் இருக்கையில், மன்செஸ்ரர் சிற்றிக் கழகத்துக்காகத் தமது இறுதி ஆட்டத்தை ஆடினார். முடியுந் தறுவாயில் ஒரு தண்ட உதை கிடைத்தது. போட்டிருந்தால் அவரது நூறாவது கோல். போடவில்லை, தவறிவிட்டார். ஆயினும் அன்று அந்த உதையை எடுக்க அவர் தயங்கினாரில்லை.

நண்பர்களே, பிறர் காலை நோகச் செய்வது வன்மையாயின் எருமைக்கும் அது உண்டு. தான் விழுந்த இடத்திலே, தன் விழுகையைக் கண்டவர் முன்னிலையிலே, மீண்டும் வந்து நிற்பதற்கு வேண்டியது நெஞ்சின் திண்மை. நம்மிடையே ஒருமுறை சோதனையிலே தவறியதும் புத்தகத்தை மூடி வைத்தவர்கள் இல்லையா? ஒருமுறை மேடையிலே நாத் தடுமாறியதும் பின்பு வாயே திறவாதவர்கள் இல்லையா? அவர்களுக்கு ஆற்றல் இல்லை என்று நாம் சொல்லமாட்டோம். மறுமுறை அந்தப் புள்ளிக்கு நடந்து போகும் அந்தச் சில அடி தூரமே அவர்களுக்குப் பெருந் தூரமாயிற்று.

பெரியோர்களிடத்திலும் ஒரு விண்ணப்பம். 1990இல் தவறியவரிடம் 1996இல் மீண்டும் பந்தைக் கொடுக்க ஒரு முகாமையாளர் இருந்தார். தவறிய பிள்ளையைச் சபை நடுவே சுட்டிக் காட்டுவது எளிது. "போ தம்பி, இந்த முறையும் நீயே உதை" என்று சொல்ல ஒருவர் வேண்டும். அவ்வாறு சொல்பவர் உள்ள ஊரிலே வாலிபர் தாமாகவே முன்வருவர்.