எத்தனை வாசல் வைக்கலாம்?

(கணினி அறிவியல் ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரை)



சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவிக்கு இரண்டு மதிப்பெண் குறைத்தேன். லீப் ஆண்டைக் கண்டறியும் செயற்கூறுதான் வினா. என் விடைக்குறிப்பில் இஃபுக்குள் இஃப், அதற்குள் இன்னோர் இஃப். 4-ஆல் வகுபட்டால் உள்ளே போ, 100-ஆலும் வகுபட்டால் இன்னும் உள்ளே போ, அங்கே 400-ஐப் பார். பிறகு மூன்று எல்ஸ். எது எந்த இஃபுக்கு உரியது என்று விரல் வைத்துத்தான் தேடவேண்டும்.

அவள் நான்கே படிகளில் முடித்திருந்தாள். 4-ஆல் வகுபடாவிட்டால் 'இல்லை' என்று ரிட்டர்ன். 100-ஆல் வகுபடாவிட்டால் 'ஆம்' என்று ரிட்டர்ன். 400-ஆல் வகுபடாவிட்டால் 'இல்லை'. எஞ்சியதற்கு 'ஆம்'. "செயற்கூறுக்கு ஒரே வெளியேறும் வழிதான்" என்று சிவப்பு மையில் எழுதினேன். எனக்கு அப்படித்தான் கற்பித்தார்கள்.

"சார், எந்த வருஷத்துக்குத் தப்பா வருது, சொல்லுங்க" என்றாள். என்னால் சொல்ல முடியவில்லை. மதிப்பெண்ணைத் திருப்பிக் கொடுத்தேன்.

அந்த விதி பொய்யல்ல. 1968-இல் டைக்ஸ்ட்ரா கோட்டூ கூற்றைக் கண்டித்து எழுதியதையொட்டி வலுப்பெற்ற கட்டமைப்பு நிரலாக்கக் காலத்துப் பழக்கம் அது. சி மொழியில் திறந்த கோப்பை மூடாமல், பெற்ற நினைவகத்தை விடுவிக்காமல் இடையில் வெளியேறினால் சிக்கல்தான். ஆனால் லீப் ஆண்டுச் செயற்கூற்றில் மூட என்ன இருக்கிறது?

இதில் ஓர் ஆபத்தும் உண்டு. அதே வகுப்பில் ஒரு மாணவன் முதல் வரியிலேயே '4-ஆல் வகுபட்டால் ஆம்' என்று ரிட்டர்ன் செய்துவிட்டான். 1900 லீப் ஆண்டாகிவிட்டது! அடுத்த வரிகள் எவ்வளவு சரியாக இருந்தும், வகுபடும் ஆண்டு எதுவும் அங்கே போய்ச் சேராது. சீக்கிரம் வெளியேறும் முறையில் வரிசைதான் உயிர்.

அதனால் இப்போது ஒவ்வொரு வரியிலும் நிறுத்திக் கேட்கிறேன்: "இதுவரை வந்துசேர்ந்த ஆண்டைப் பற்றி நமக்கு என்ன தெரியும்?" மூன்றாவது வரியில், "100-ஆல் வகுபடும் சார்" என்று சொல்லத் தெரிந்தவனுக்கு எந்த வடிவமும் பயமில்லை. சொல்லத் தெரியாதவன் என் பழைய விடைக்குறிப்பை மனப்பாடம்தான் செய்வான்.

சோதிப்பதும் எளிது. வாசல் நான்கு; ஆண்டும் நான்கு போதும். 2023 முதல் வாசலில் வெளியேறும், 2024 இரண்டாவதில், 1900 மூன்றாவதில், 2000 கடைசியில். பிற்பகல் அமர்வில் உங்கள் விடைக்குறிப்புகளில் மூன்றடுக்கு இஃப் உள்ள ஒன்றை எடுத்து வாருங்கள், சேர்ந்து பிரித்துப் பார்ப்போம்.