அண்மையும் சேய்மையும்

காத்தான்குடியின் மேற்கே விரியும் மட்டக்களப்பு வாவியில், துடுப்பின் ஒரு முனையை நீரில் ஆழ்த்தி, மறுமுனையைச் செவியில் பொருத்திப் பாடுமீன் ஒலியைக் கேட்பது பழைய வழக்கம். அங்கே செவி நெருங்க நெருங்க ஒலி தெளியும். மின்கிட்டாருக்கோ அவ்விதி முற்றும் பொருந்தாது.

உருக்குத் தந்தியின் அதிர்வை அதன்கீழுள்ள காந்தமும் கம்பிச்சுருளும் மின்னலையாக்குகின்றன. இவ்வுறுப்பே பிக்கப். அது மிக உயர்ந்தால் காந்தம் தந்தியை இழுக்கும், நாதம் விரைவில் அடங்கும், சுருதி தடுமாறும். மிகத் தாழ்ந்தால் ஒலி மெலியும்.

விரற்பலகையின் கடைசி மெட்டில் தந்தியை அழுத்தி, காந்தத்துக்கும் தந்திக்கும் இடையே ஏறத்தாழ 2 மில்லிமீற்றர் விட்டுத் தொடங்கலாம். பிறகு இருமருங்கிலுமுள்ள திருகாணிகளைக் கால் சுற்றாகத் திருப்பி, செவியையே நடுவராகக் கொள்ளலாம்.

நேயர்களே, வாத்தியத்தைப் பழித்து விற்கத் துணியுமுன் திருகாணியைச் சற்றே திருப்பிப் பாருங்கள்.