இன்னது வேண்டும் என்று சொல்லுங்கள்



கிறிஸ்தவ இலக்கியக் கூட்டத்தில் ஜெபத்தைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறீர்கள், அதுவும் பாளையங்கோட்டையில். கோழி கூவுமுன் எழுந்து முழங்காலில் நிற்கிற தாய்மார்கள் இருக்கிற சீமை இது. குடும்ப ஜெபம் முடிந்த பிறகே இராச்சாப்பாட்டுக்கு உட்காரும் வீடுகள் இன்னும் இங்கே உண்டு. இந்த ஊருக்கு வந்து ஜெபத்தைப் பற்றி என்ன சொல்ல முடியும் என்று தயங்கினேன். ஆனால் லூக்கா சுவிசேஷத்தில் ஜெபிக்கக் கற்றுத்தரும்படி ஆண்டவரிடம் கேட்டவர்கள் யார் என்று பாருங்கள். சிறு வயதிலிருந்தே சங்கீதங்களைக் கேட்டு வளர்ந்த யூதர்கள். ஜெப ஆலயத்து ஜெபங்களை மனப்பாடமாக அறிந்தவர்கள். அவர்களுக்கே இன்னும் கற்றுக்கொள்ள வேண்டியது இருந்தது. அவர் கற்றுக்கொடுத்த ஜெபமோ, நிதானமாகச் சொன்னாலும் ஒரு நிமிஷத்துக்குள் முடிந்துவிடும். அந்த ஒரு நிமிஷத்துக்குள்ளும் அன்றைக்குத் தின்ன வேண்டிய அப்பத்துக்கு அவர் இடம் ஒதுக்கினார். பிதாவின் நாமத்தையும் ராஜ்யத்தையும் பேசிய அதே மூச்சில், இன்றைய சாப்பாடு.

நான் இன்று சொல்ல வந்தது இந்த ஒன்றைத்தான். நம் ஜெபம் பலன் இல்லாமல் போகிறது என்று நாம் வருந்துகிற இடங்களில், பெரும்பாலும் நாம் எதையும் கேட்டிருக்கவே இல்லை. நெடுநேரம் பேசியிருக்கிறோம், கண்ணீர் விட்டிருக்கிறோம். ஆனால் இன்னது வேண்டும் என்று சொல்லவில்லை.

எரிகோ சாலையோரம் உட்கார்ந்திருந்த பர்திமேயுவை நினைத்துப் பாருங்கள். கூட்டம் அதட்டியும் அடங்காமல், தனக்கு இரங்கும்படி கூப்பிட்டான். ஆண்டவர் நின்றார், அவனை வரவழைத்தார், பிறகு ஒரு கேள்வி கேட்டார்: நான் உனக்கு என்ன செய்ய வேண்டும்? குருடன் ஒருவன் வந்து நிற்கிறான். அவனுக்கு என்ன வேண்டும் என்பது ஊருக்கே தெரியும், கேட்டவருக்கும் தெரியும். இருந்தும் அவன் வாயால் அது வரவேண்டும் என்று அவர் காத்திருந்தார். இரக்கம் என்பது பிச்சைக்காரன் எல்லோரிடமும் கேட்பது. ஒரு காசு போட்டாலும் அது இரக்கம்தான். பார்வை என்பதை அவன் வேறு யாரிடமும் கேட்டிருக்க முடியாது. அதைக் கேட்ட கணத்தில், எதிரே நிற்பவர் யார் என்று தான் நம்புகிறதை அவன் அறிக்கையிட்டுவிட்டான்.

வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் வாசிக்கப்படுகிற ஜெபக்குறிப்புகளை நீங்கள் கேட்டிருப்பீர்கள். குடும்ப சமாதானத்துக்காக. தடைகள் நீங்க. பிள்ளைகளின் எதிர்காலத்துக்காக. அவற்றை எழுதிய கைகளை நான் குறை சொல்லமாட்டேன். மகன் குடிக்கிறான் என்பதைச் சபை நடுவே எந்தத் தாய் எழுதுவாள்? எழுதவும் வேண்டாம். ஆனால் கதவைப் பூட்டிக்கொண்டு தனியே முழங்கால்படியிடும்போதும் நாம் அதே துண்டுச் சீட்டைத்தான் வாசிக்கிறோம். அங்கே நம்மைத் தடுப்பது வெட்கம் இல்லை, பயம். பொதுவாகக் கேட்டால் ஏமாற்றம் கிடையாது. ஆசீர்வதியும் என்று சொல்லிவிட்டால், வருவது எதுவானாலும் ஆசீர்வாதம் என்று பெயர் வைத்துக்கொள்ளலாம். வரும் செவ்வாய்க்கிழமைக்குள் கல்லூரிக் கட்டணத்துக்கு இவ்வளவு பணம் வேண்டும் என்று கேட்டவருக்கோ, செவ்வாய்க்கிழமை என்று ஒரு நாள் வந்தே தீரும். அந்த நாளைச் சந்திக்கத் துணிகிறவர் நம்மில் எத்தனை பேர்?

இதைத் துணிந்து செய்த ஒருவரிடம் கொஞ்ச நேரம் நின்று போகலாம்.

நெகேமியா சூசான் அரண்மனையில் அர்தசஷ்டா ராஜாவின் பானபாத்திரக்காரர். கி.மு. 445-ஐ ஒட்டிய காலம். கிஸ்லேயு மாதம், நம் கணக்குக்குக் கார்த்திகை, மார்கழி. சகோதரன் ஆனானி ஊரிலிருந்து வந்து, எருசலேமின் மதில் இடிந்து கிடக்கிறது, வாசல்கள் தீக்கிரையாயின என்று சொல்கிறார். நெகேமியா உட்கார்ந்து அழுகிறார், உபவாசிக்கிறார், மன்றாடுகிறார். ராஜாவின் முன் அவர் வாயைத் திறந்ததோ நிசான் மாதத்தில், அதாவது பங்குனி, சித்திரையில். நாலு மாதம். அந்த நாலு மாதத்தில் அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதை, ராஜா கேள்வி கேட்டபோதுதான் நாம் தெரிந்துகொள்கிறோம்.

உனக்கு என்ன வேண்டும் என்று ராஜா கேட்கிறார். கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே, நின்ற நிலையிலேயே, நெகேமியா பரலோகத்தின் தேவனை நோக்கி ஒரு கணம் ஜெபிக்கிறார். நாலு மாதம் ஜெபித்தவருக்குத்தான் அந்த ஒரு கணம் போதுமானதாக இருந்தது. பிறகு வந்த பதிலைப் பாருங்கள். யூதாவுக்குப் போக உத்தரவு வேண்டும். எப்போது திரும்புவாய் என்று ராஜா கேட்டால் அதற்கும் ஒரு காலம் குறித்து வைத்திருக்கிறார். நதிக்கு அப்புறத்து அதிபதிகளுக்குக் கடிதங்கள் வேண்டும். ராஜாவின் வனக் காவலன் ஆசாபுக்கு ஒரு கடிதம் வேண்டும்; மரம் தரவேண்டும்; எதற்கெதற்கு மரம்? கோட்டை வாசலுக்கு, நகர மதிலுக்கு, தான் தங்கப்போகிற வீட்டுக்கு. காட்டுக்கு அதிகாரி யார் என்பது வரை தெரிந்துவைத்திருந்தார் அந்த மனிதர். முழங்காலில் நின்றபடியே அந்த மதிலைக் கல் கல்லாக அவர் நடந்து பார்த்திருக்கிறார் என்றே நான் நம்புகிறேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எருசலேமில் கட்டுமான வேலையை நிறுத்தச் சொல்லி முன்பு உத்தரவு போட்டது அர்தசஷ்டா ராஜாதான் என்று எஸ்றாவின் புஸ்தகம் சொல்கிறது. போட்ட உத்தரவை மாற்றும்படி அதே ராஜாவிடம், துக்க முகத்தோடு நிற்பதே உயிருக்கு ஆபத்தான இடத்தில், ஒரு வேலைக்காரர் கேட்கிறார். பிறகு எருசலேமுக்கு வந்து, பகைவர் சூழ்ந்தபோது ஜெபித்தார். ஜெபித்த கையோடு இரவும் பகலும் காவலும் வைத்தார். 52 நாளில் மதில் எழுந்தது. ஜெபித்தால் போதும் என்கிறவர்களுக்கும், ஜெபித்து என்ன ஆகும் என்கிறவர்களுக்கும் நெகேமியாவிடம் கற்க நிறைய இருக்கிறது.

இப்படி இன்னது என்று கேட்கிறவர்கள் இன்றும் உண்டு. முக்கூடல் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு பெரியம்மா பீடி சுற்றுகிறவர். முறத்தை மடியில் வைத்து, நனைத்து வெட்டிய இலையில் தூளைப் பரப்பி, சுருட்டி, நூல் சுற்றி, ஒரு கட்டு முடிகிறபோது ஒரு வீட்டுக்காக ஜெபிப்பார். தெருவின் கிழக்குக் கடைசியிலிருந்து தொடங்குவார். இந்த வீட்டில் பிள்ளைக்கு வரன் தட்டிப்போகிறது. அடுத்த வீட்டில் பாம்பேக்குப் போனவனிடமிருந்து போன் இல்லை. அதற்கடுத்தது வேறு மதத்தார் வீடு. அங்கே கிழவிக்குக் கண் ஆபரேஷன். ஆபரேஷன் அன்றைக்கு அந்த வீட்டுக்குக் கஞ்சி போனது பெரியம்மா வீட்டு அடுப்பிலிருந்துதான். பத்து நாள் கழித்து என்னைப் பார்த்தால் முதல் கேள்வி இதுவாகத்தான் இருக்கும்: “தம்பி, ஒங்க அக்காவுக்குப் புதன்கிழமை ஸ்கேன்னு சொன்னியளே, என்ன வந்துச்சு? நான் தெனமும் ஆண்டவர்ட்ட கேட்டுக்கிட்டுல்லா இருக்கேன்.”

உங்களுக்காக ஜெபிக்கிறேன் என்று நாம் எத்தனை பேரிடம் சொல்கிறோம்! அதில் எத்தனை பேரிடம் திரும்பிப் போய், என்ன ஆயிற்று என்று கேட்கிறோம்? எந்த ஜெபத்துக்குப் பதில் கிடைத்தது, எதற்குக் கிடைக்கவில்லை என்பது நமக்குத் தெரியாமலே போய்விடுகிறது. இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்தில் 10,000-க்கும் மேற்பட்ட அநாதைப் பிள்ளைகளைப் பராமரித்த ஜார்ஜ் முல்லர், தம் தேவையைச் சொல்லி மனிதர் எவரிடமும் பணம் கேட்பதில்லை என்று தீர்மானித்திருந்தவர். கேட்டதையும் கிடைத்ததையும் தேதி போட்டு எழுதிவைத்தார். அவருக்கும் மனம் அலையாமல் இல்லை, அதைக் கேட்டால் நம்மில் பலருக்கு ஆறுதலாக இருக்கும். எழுந்தவுடன் ஜெபத்தில் உட்கார்ந்தால் முதல் அரைமணி நேரம் வரை சிந்தனை எங்கெங்கோ போகும் என்று அவரே எழுதியிருக்கிறார். 1841-இல் அந்த வழக்கத்தை மாற்றினார். முதலில் வேதத்தைத் திறந்து மெதுவாக வாசித்துத் தியானிப்பது. வாசித்த வசனமே ஸ்தோத்திரமாகவோ அறிக்கையாகவோ விண்ணப்பமாகவோ மாற விட்டுவிடுவது. பேச்சைத் தாம் தொடங்காமல், தேவன் பேசியதற்குப் பதில் சொல்லத் தொடங்கினார். விடியற்காலை ஜெபத்தில் கண் சொருகுகிறது, நினைப்பு ஓடுகிறது என்று வருந்துகிறவர்கள் நாளைக்கே இதைச் செய்து பார்க்கலாம். ஒரு சங்கீதம் போதும். சங்கீதங்களில் கோபமானவையும் உண்டு, பயப்படாதீர்கள். 88-ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது. அதையும் நம் ஜெபப் புத்தகத்தில்தான் வைத்திருக்கிறார்கள்.

இப்போது நீங்கள் கேட்கக் காத்திருக்கிற கேள்விக்கு வருகிறேன். பெயர் சொல்லி, நாள் குறித்து, இன்னது என்று கேட்டோம், கிடைக்கவில்லை. அப்போது?

கெத்செமனேயில் ஆண்டவர் கேட்டதைவிடத் தெளிவாக யாரும் கேட்டதில்லை. இந்தப் பாத்திரம் நீங்கவேண்டும் என்றார். ஒரு தரம் அல்ல, மூன்று தரம். தம் விருப்பத்தை மறைக்காமல் பிதாவின் முன் வைத்துவிட்டு, அதன் பிறகே பிதாவின் சித்தத்துக்கு ஒப்புக்கொடுத்தார். நாமோ பல நேரம் முதல் வாக்கியத்தை விட்டுவிட்டு இரண்டாவதை மட்டும் சொல்கிறோம். கேட்கத் துணிவில்லாததை அடக்கம் என்று எண்ணிக்கொள்கிறோம். கையில் இல்லாததை எப்படி ஒப்புக்கொடுப்பது? நான் விரும்புவது இது என்று சொன்னவர்தான், அதைப் பிதாவின் காலடியில் வைத்துவிட்டு எழுந்து வர முடியும்.

நமக்குப் பக்கத்தில் டோனாவூர். அங்கே பிள்ளைகளை வளர்த்துவந்த ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1931-இல் களக்காட்டில் அந்தி நேரத்தில் ஒரு குழியில் விழுந்து அடிபட்டார். டோனாவூர் வளாகம் முழுவதும் அவருக்காக ஜெபித்தது. அவர் கையில் வளர்ந்த பிள்ளைகள் ஜெபித்தார்கள். குணமாகி எழுந்து முன்போல் நடமாடவே இல்லை. 1951-இல் இறக்கும் வரை ஏறக்குறைய 20 வருஷம் தம் அறைதான் அவருடைய உலகம். அந்த அறையிலிருந்து புத்தகம் புத்தகமாக எழுதினார். இன்றும் படுக்கையில் கிடக்கிற எத்தனையோ பேர் அவற்றை வாசிக்கிறார்கள். இதனால்தான் கடவுள் குணமாக்கவில்லை என்று நான் கணக்குச் சொல்லமாட்டேன். வலியில் கிடப்பவரிடம் அப்படிக் கணக்குச் சொல்வது கொடுமை. அந்தப் பிள்ளைகள் கேட்டது சரி, தொடர்ந்து கேட்டதும் சரி. முல்லர் 1844-இல் ஐந்து பேருடைய மனமாற்றத்துக்காக ஜெபிக்கத் தொடங்கினார். மூவர் ஒருவர்பின் ஒருவராக வந்தார்கள். மற்ற இருவர் 30 வருஷம் தாண்டியும் வரவில்லை. அவர் அந்த இரண்டு பெயர்களையும் விடவில்லை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். ஞாயிறு ஆராதனையில் ஆளுகிறவர்களுக்காகவும் ஏழை எளியவர்களுக்காகவும் வேண்டுதல் செய்கிறோம். நல்ல வழக்கம், விடவேண்டாம். ஆனால் அடைப்பெடுக்க நம் தெருச் சாக்கடைக்குள் இறங்குகிறவர் யார்? கையால் மலம் அள்ளுவதை ஒழிக்க 2013-இல் சட்டம் வந்தது. அதன் பிறகும் விஷவாயுவில் மனிதர்கள் செத்துக்கொண்டிருக்கிறார்கள். நம் தெருவில் இறங்குகிறவருக்கு ஒரு பெயர் இருக்கிறது, வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை ஜெபத்தை நடத்தப்போகிறவர்கள் இந்த அரங்கத்தில் சிலராவது இருப்பீர்கள். சனிக்கிழமைக்குள் அவரைத் தேடிப் போய்ப் பெயரைக் கேளுங்கள். கையுறையும் முகமூடியும் கொடுத்திருக்கிறார்களா, இயந்திரம் வருகிறதா என்றும் கேளுங்கள். அவர் சம்மதித்தால் ஆலயத்தில் அந்தப் பெயரைச் சொல்லி, இந்த மனிதர் இனிச் சாக்கடைக்குள் இறங்கக்கூடாது ஆண்டவரே என்று கேளுங்கள். ஆமென் சொன்ன சபையாரோடு திங்கட்கிழமை காலையில் மாநகராட்சிக்கு ஒரு மனு எழுதிக் கையெழுத்திட்டுக் கொண்டுபோங்கள். மனு எழுத உதவி வேண்டுமானால் கூட்டம் முடிந்ததும் நான் வாசல் பக்கம் நிற்கிறேன்.