பல் வைத்தியருக்கு அஞ்சும் பிள்ளை
(சங்கக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



கோயிலிலே பெரிய மணி ஒலிக்கும்போது காதைப் பொத்திக்கொண்டு வீறிட்டலறும் பிள்ளையை நம்மிற் பலர் கண்டிருப்போம். "வளர்த்த வளர்ப்பு" என்று தாயைக் குறை கூறுவாரும், "முன்வினை" என்று முடித்துவிடுவாரும் உளர். அத்தகைய பிள்ளைகளுட் சிலருக்கு உள்ள நிலையை ஓட்டிசம் என்பர். 1943ஆம் ஆண்டில் லியோ கானர் என்னும் வைத்தியர் இதனை விரித்து எழுதினார். இது மூளை வளர்ச்சியில் உள்ள வேறுபாடு, வளர்ப்பின் பிழையன்று. நமக்குச் சிறிதாய்த் தோன்றும் ஒலியும் ஒளியும் தொடுகையும் இவர்களிற் பலருக்குத் தாங்கொணாதவை.

இப்பிள்ளை பற்சிகிச்சை நிலையத்திற்குச் சென்றால் என்னாகும்? கண் கூசும் விளக்கு, திடீரெனப் பின்சாயும் கதிரை, இரைந்து சுழலும் கருவி, வாய்க்குள் நுழையும் கையுறையின் மணம்! நால்வர் பிடித்து அமுக்கினால் பல்லைப் பிடுங்கிவிடலாம். அச்சத்தைப் பிடுங்க முடியாது. அடுத்த முறை பிள்ளை அவ்வாசலையே மிதியாது. "அடியாத மாடு படியாது" என்னும் பழமொழிக்கு இங்கே இடமில்லை.

சிகிச்சையைத் தள்ளிப்போடுவதும் தகாது. பேசவியலாத பிள்ளை பல்வலியை வாய்விட்டுச் சொல்லாது. உண்ண மறுக்கும், உறங்காது, தலையைச் சுவரில் மோதும். அதனையும் ஓட்டிசத்தின் குணமென்றே எண்ணி, நோவைக் கவனியாது விட்டுவிடுகிறோம். இதனினுங் கொடுமை உண்டோ?

வழி யாது? 1959இல் அமெரிக்கராகிய அடல்ஸ்டன், முதலிற் சொல்லி, பின் காட்டி, அதன்பின் செய்யும் முறையை எடுத்துரைத்தார். இதனை வீட்டிலேயே தொடங்கலாம். பிள்ளையைச் சாய்மனைக் கதிரையில் இருத்தி, பத்து எண்ணும்வரை தூரிகையாற் பற்களைத் தொட்டு, பத்தில் நிறுத்திவிடுங்கள். பத்தென்றால் முடிவு என்ற நம்பிக்கை பிறக்கும். வாசல், கதிரை, விளக்கு, வைத்தியர், வீடு திரும்புதல் எனப் படங்களை வரிசையாகக் காட்டுங்கள். முதல்நாள் கதிரையில் இருந்துவிட்டு வந்தாலே போதும். மறுமுறை வாய்க்கண்ணாடி மட்டும். வைத்தியரிடம் முன்னரே நிலைமையைக் கூறி, காத்திருக்க நேராத முதல் நேரத்தைக் கேட்டுப் பெறுங்கள். கறுப்புக் கண்ணாடி ஒளியைத் தணிக்கும். "நோகவே நோகாது" என்று பொய் சொல்லாதீர்கள். "ஊசி போடுவார்" என்று வெருட்டாதீர்கள். பரிசாக இனிப்பைக் கொடாது, விரும்பிய விளையாட்டுப் பொருளைக் கொடுங்கள். நாளுக்கு இருமுறை புளோரைட் பற்பசையாற் பல் துலக்கினால் பெருஞ்சிகிச்சைக்குரிய தேவையே குறையும். இவ்வளவு செய்தும் இயலாத சிலருக்கு ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து கொடுத்துச் சிகிச்சை செய்வதுண்டு. அது தாயின் தோல்வியன்று.

இளைஞர்களே! படம் வரையத் தெரிந்தவர் நம்மிடையே உளர். தாயோடு துணைசெல்லக் கால் உள்ளவரும் உளர். பெரியோர்களே! அப்பிள்ளை அலறும்போது திரும்பி முறைத்துப் பாராதிருப்பதும் ஒரு தொண்டே. ஆலயத் தொண்டு செய்யும் நாம் இத்தொண்டையும் மேற்கொள்வோமாக.