குடும்பத்தில் குடிநோய்: கூட இருப்பவரும் குணமாக வேண்டும்



குடிக்கிற கணவரோடு குடும்பம் நடத்தும் பெண்ணுக்கு ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் கவனமெல்லாம் வாசலில்தான் இருக்கும். தெருமுனையில் திரும்பும் வண்டிகளில் எது தன் வீட்டு வண்டி என்று அவருக்குத் தெரியும். ஸ்டாண்டு போடும் சத்தத்தை வைத்தே இன்றைக்கு எவ்வளவு குடித்திருக்கிறார் என்று சொல்லிவிடுவார். பிள்ளைகளைத் தூங்கவைத்து, டிவியை அணைத்து, சோற்றை மூடிவைத்துவிட்டுக் காத்திருப்பார். தானும் சாப்பிட்டிருக்க மாட்டார். விடிந்ததும் கணவரின் மேலாளருக்குப் போன் போட்டு, "அவருக்குக் காய்ச்சல் சார்" என்று சொல்வதும் அவர்தான். கம்மலை அடகு வைத்துக் கடன்காரருக்குப் பதில் சொல்வதும் அவர்தான்.

குடிப்பவருக்குச் சிகிச்சை வேண்டும் என்று இன்று பலரும் ஒப்புக்கொள்கிறார்கள். இந்தப் பெண்ணுக்கும் சிகிச்சை வேண்டும் என்று எத்தனை பேர் யோசிக்கிறோம்? கணவர் குடியை விட்டால் இவருக்கு எல்லாம் சரியாகிவிடும் என்று இருந்துவிடுகிறோம். அப்படிச் சரியாவதில்லை.

அமெரிக்காவில் லோயிஸ் வில்சன் என்றொரு பெண்மணி. 1918-இல் கல்யாணம். கணவர் பில் மொடாக்குடியர். ஒரு பெரிய கடையில் வேலை பார்த்து லோயிஸ்தான் குடும்பத்தைத் தாங்கினார். 1934 டிசம்பரில் பில் குடியை நிறுத்திவிட்டார். அடுத்த ஆண்டே இன்னொருவரோடு சேர்ந்து, குடியை விட நினைப்பவர்கள் கூடிப் பேசும், பின்னாளில் உலகம் முழுக்கப் பரவிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் இயக்கத்தைத் தொடங்கினார். மனைவி இத்தனை வருடம் வேண்டிக்கொண்டது நடந்துவிட்டது. ஆனால் ஒரு நாள், கூட்டத்துக்கு நேரமாகிறது, சீக்கிரம் கிளம்பு என்று பில் சாதாரணமாகச் சொன்னபோது, லோயிஸ் கையிலிருந்த ஷூவை ஓங்கி எறிந்தார். கணவர் குணமாகிவிட்டார், தனக்குள் இருந்த காயம் அப்படியே இருக்கிறது என்பது அப்போதுதான் அவருக்கே புரிந்தது. கூட்டங்களுக்குக் கணவர்களோடு வந்து வெளியே காத்திருந்த மற்ற மனைவிமாருக்கும் அதே நிலைமைதான். அவர்களுக்காக 1951-இல் அவரும் ஒரு தோழியும் சேர்ந்து தொடங்கியதுதான் அல்-அனான். தமிழ்நாட்டிலும் இந்தக் கூட்டங்கள் நடக்கின்றன. கட்டணம் கிடையாது. பெயர் வெளியே போகாது.

நம் சென்னையில் சாந்தி ரங்கநாதன், குடிநோய்க்குக் கணவரைப் பறிகொடுத்தவர், 1980-இல் டி.டி.கே. மருத்துவமனையைத் தொடங்கினார். அங்கே குடும்பத்தாருக்கென்றே தனி ஆலோசனை உண்டு. அந்த வேதனையை அனுபவித்தவர் என்பதால் அதன் அவசியம் அவருக்குத் தெரிந்திருந்தது.

"நீ ஒழுங்காப் பாத்துக்கிட்டா அவன் ஏன் குடிக்கப் போறான்?" எந்த மாமியார் வீட்டிலும் எழும் பேச்சு இது. சகோதரிகளே, இதை நம்பாதீர்கள். அவர் குடிக்க நீங்கள் காரணமில்லை. அதைக் கட்டுப்படுத்தவும் உங்களால் முடியாது, குணப்படுத்தவும் முடியாது. குடிப்பவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கச் சொல்லி விற்கும் மருந்துகள் உயிருக்கே ஆபத்தானவை. பல வருடம் குடித்தவரை வீட்டில் பூட்டிவைத்துத் திடீரென நிறுத்தவைத்தால் வலிப்பு வரலாம். அது டாக்டர் பார்க்க வேண்டிய வேலை.

உங்கள் வேலை வேறு. பிள்ளைகளோடு உட்கார்ந்து நேரத்துக்குச் சாப்பிடுங்கள். தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கும் உங்கள் பிரஷர், சர்க்கரைப் பரிசோதனையைச் செய்துகொள்ளுங்கள். மேலாளருக்கு இனி அவரே போன் பேசட்டும். பொய் சொல்லி மறைக்கும்வரை குடியின் விளைவு அவருக்குத் தெரியப்போவதில்லை. போதையில் இருக்கும்போது வாதம் வேண்டாம். காலையில் தெளிந்திருக்கும்போது, கத்தாமல், அழாமல், எதை இனிச் செய்ய மாட்டேன் என்று சொல்லுங்கள். இப்படிச் செய்வதால் பாசம் விட்டுப்போகாது. நன்றாகத் தூங்கி எழுந்தவருக்குத்தான் புருஷனிடமும் பிள்ளையிடமும் பொறுமையாகப் பேச வரும். அக்காவோ, கூட வேலை பார்ப்பவரோ, நம்பிக்கையான ஒருவரிடமாவது உள்ளதைச் சொல்லுங்கள். வீட்டுக் கௌரவம் என்று வாயை மூடிக்கொண்டிருந்தே உடம்பைக் கெடுத்துக்கொண்ட பெண்கள் நம்மிடையே ஏராளம்.

அடி, உதை இருக்கும் வீட்டில் இந்த யோசனைகள் போதாது. அங்கே முதல் காரியம் உயிரைக் காப்பது. பெண்களுக்கான உதவி எண் 181. பிள்ளைகளோடு வெளியேறவேண்டி வந்தால் தயங்க வேண்டாம். 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது.

மனம்விட்டுப் பேச 14416 என்ற எண்ணுக்கு அழைக்கலாம். அது டெலி மானஸ், அரசின் இலவச மனநல உதவி எண். இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். குடிப்பவர்தான் அழைக்க வேண்டும் என்பதில்லை. உங்களுக்காக நீங்களே அழையுங்கள்.