ஹார்பரும் போர்ட்டும்

ஹார்பர், போர்ட் இரண்டுக்கும் தமிழில் துறைமுகம் என்றே பெயர். ஆனால் ஹார்பர் என்பது அலை அடங்கிய நீர்ப்பரப்பு, கப்பல் ஒதுங்கி நிற்கும் இடம். போர்ட் என்பது சரக்கு ஏறி இறங்கும், சுங்கவரி வசூலாகும் வணிகத் தலம்.

1639-இல் ஆங்கிலேயர் வந்த பின் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் சென்னை வெறும் போர்ட்தான், ஹார்பர் கிடையாது. கப்பல்கள் திறந்த கடலில் நங்கூரமிட, மசூலா படகுகள் அலையைத் தாண்டிப் போய்ச் சரக்கையும் ஆட்களையும் கரை சேர்த்தன. பலகைகளைக் கயிற்றால் தைத்த படகு அது. ஆணி அடித்திருந்தால் அலை அறையும்போது பிளந்துவிடும். தையல் வளைந்து கொடுக்கும். 1870-களில் அலைத்தடுப்புச் சுவர்கள் எழத் தொடங்கின. 1881 புயல் அவற்றைச் சிதைத்தது. மறுபடி கட்ட வேண்டியதாயிற்று.

வடசென்னையின் காசிமேடு நேரெதிர். கல் சுவருக்குள் விசைப்படகுகள் நிற்கின்றன, மீன் ஏலம் போகிறது, அயல்நாட்டுச் சரக்கு இறங்குவதில்லை. ஆகவே அது ஹார்பர். வடசென்னைப் பேச்சில் ‘ஆர்பர்’. எண்ணூரில் 2001 முதல் இயங்கும் காமராஜர் துறைமுகம் இரண்டுமாக இருக்கிறது.

விமான நிலையம் ‘ஏர்போர்ட்’ ஆனதும் இப்படித்தான்: சரக்கும் சுங்கமும் அங்கே உண்டு, தண்ணீர்தான் இல்லை.